விழுந்த இடத்தை நோக்கி ஓடியவர்கள்

ஓகஸ்ட் 3, சனி. ஒரு வாசகரின் கேள்வி

போர்க்காலத்தில் விமானம் விழுந்த இடத்திற்கு ஓடியவர்களை எல்லாம் வீரர்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வன்னியில் நானும் பத்து வருடம் இருந்தவன். புகை எழும்பினால் சனம் ஓடும். விடுப்புப் பார்க்க ஓடும், தகடு பொறுக்க ஓடும். எரிகிற இயந்திரத்திலிருந்து யாரையாவது உயிரோடு இழுத்தெடுத்த கதை எங்கள் பக்கம் ஒன்றாவது உண்டா? இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீரம் என்ற சொல்லைச் சிக்கனமாகப் பாவியுங்கள்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு, இரவு 9.10

உண்டு. 1997, விசுவமடு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். இரண்டு கிபிர்கள், குண்டு போடும் ஜெட் விமானங்கள், வந்தன. முதல் சுற்றில் கிழக்கே காட்டுக் கரையில் குண்டு போட்டன. நாங்கள் பங்கருக்குள் இருந்தோம். அடுத்த சுற்றில் ஒன்று வழமையைவிடப் பதிந்து வந்தது. அது போன கையோடு வாய்க்காலுக்கு அப்பால், வயற்பக்கம், பெரிய சாமான் ஒன்று நிலத்தில் மோதிய சத்தம். வெடிக்கவில்லை. 'தொம்' என்று ஒரே ஒரு சத்தம். காட்டுப் பக்கம் புகை. "விழுந்துவிட்டது, விழுந்துவிட்டது" என்று யாரோ கத்தினார்கள்.

பங்கரிலிருந்து முதலில் ஏறியவர் சின்ன மாமா. கையில் கோடரி. அம்மா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்ததே தவிர மாமா நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். ஒருவர் நீல நிறப் பிளாஸ்ரிக் கான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். கிபிர் திரும்பி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் குண்டில் காயப்பட்டவரைத் தூக்கப் போகிறவருக்குத்தான் இரண்டாவது குண்டு என்பது வன்னியில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். தெரிந்துகொண்டே ஓடினார்கள். அது திரும்பியும் வந்தது. மாமா என் பிடரியைப் பிடித்து வாய்க்கால் சேற்றுக்குள் அமுக்கினார். ஒரு கிழமை காதுக்குள் சேறு இருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உயிரோடு யாரையாவது எடுத்தார்களா என்றால், இல்லை. ஓடினார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஓகஸ்ட் 4, இரவு 9.35

கான் கொண்டுபோனவரைப் பற்றி இப்போதே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஆளைக் காப்பாற்றப் போகிறவருக்குக் கான் எதற்கு? பொருளாதாரத் தடைக் காலம், ஐயா. எண்ணெய் எங்கே ஒழுகினாலும் கீழே கான் பிடிக்கத் தெரிந்த சனம் நாங்கள். கேள்வி கேட்டவர் சொல்கிற ஆள்களில் அவர் ஒருவர் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மற்றவர்களை விட்டுத்தர மாட்டேன்.

ஓகஸ்ட் 5, திங்கள்

நேற்று எழுதியதில் பொய் இல்லை, ஆனால் ஒன்றை விழுங்கிவிட்டேன். விமானி எங்கே, சிதைவு எங்கே, எந்தப் பத்திரிகையில் வந்தது என்று கேட்டு என்னை நெருக்குகிறார்கள். சரி. விழுந்தது விமானம் இல்லை. எண்ணெய்த் தாங்கி.

போர் விமானங்கள் தூரம் பறப்பதற்காக இறக்கைக்குக் கீழும் வயிற்றுக்குக் கீழும் மேலதிகத் தாங்கிகளைக் கொளுவிக்கொண்டு வரும். மீனைப் போன்ற வடிவம். ஒன்றில் பல நூறு லீற்றர் பிடிக்கும். அவசரமாகப் பாரம் குறைக்க வேண்டி வந்தால் விமானி அதைக் கழற்றி விட்டுவிடலாம். அன்றைக்கு ஏன் கழற்றினார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். எங்கள் வயலில் அது மூக்குப் புதைந்து, வால் நிமிர்ந்து, கரையொதுங்கிய சுறாவைப் போலக் கிடந்தது. புகை வந்தது அதிலிருந்து இல்லை. குண்டு விழுந்த காட்டிலிருந்து வந்த புகை காற்றோடு இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

தாங்கிக்குள் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும். வயல் முழுக்க மண்ணெண்ணெய் மணம். ஜெட் விமானத்தின் எரிபொருளும் மண்ணெண்ணெய்ச் சாதிதான். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு வன்னியில் இருந்த மதிப்பு வெளியே இருந்தவர்களுக்கு விளங்காது. மோட்டார் சைக்கிள் அதில்தான் ஓடியது. இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி இயந்திரத்தை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். இரவில் ஜாம் போத்தலுக்குள் திரி நிறுத்திய விளக்கு. வானொலிக்குப் பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோ தரும் மின்சாரத்தில் மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும்.

ஆக, சின்ன மாமா சட்டை கிழியக் கிழிய ஓடியது ஒரு தகரப் பீப்பாயைக் காப்பாற்ற. சிரியுங்கள். இருபத்தைந்து வருடத்திற்கு மேலாக எங்கள் குடும்பமே இதைச் சொல்லித்தான் சிரிக்கிறது. கேள்வி கேட்டவர் வென்றுவிட்டாரா என்பதை நாளைக்குப் பார்ப்போம். கடை பூட்ட வேண்டும்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

வெல்லவில்லை.

ஓடும்போது அது தாங்கி என்று மாமாவுக்குத் தெரியாது. விழுந்தது விமானம், உள்ளே ஆள், எந்த நேரமும் தீ பிடிக்கும், மேலே மற்றக் கிபிர் சுற்றுகிறது. அவர் மனத்தில் இருந்தது இவ்வளவும்தான். கிட்டப் போனபின் என்ன இருந்தது என்பதை வைத்து ஓடியதை அளக்கலாமா?

இங்கிலாந்தில் டாப்னி பியர்சன் என்ற பெண் இருந்தார். விமானப்படையின் பெண்கள் பிரிவில், வைத்தியப் பகுதியில் கோப்ரல். 1940 மே 31, நள்ளிரவு கழிந்த நேரம், கென்ற் மாவட்டத்து டெற்லிங் தளத்திற்கு அருகே ஓர் ஆன்சன் விமானம் குண்டோடு விழுந்து எரிந்தது. ஓடிப்போய்க் காயப்பட்ட விமானியை வெளியே இழுத்தார். கொஞ்சத் தூரம் போவதற்குள் குண்டு வெடித்தது. தன் தலைக்கவசத்தை அவருக்குப் போட்டு, தன் உடம்பால் அவரை மூடிக்கொண்டு படுத்தார். விமானி பிழைத்தார். இதை எல்லோரும் சொல்வார்கள். அதன் பிறகு அவர் திரும்பவும் எரிகிற இடத்திற்குப் போனதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. வானொலி இயக்குநரைத் தேடிப் போனார். அந்த ஆள் செத்துக் கிடந்தார். முதல் ஓட்டத்தில் ஆள் கிடைத்தது, இரண்டாவதில் கிடைக்கவில்லை. முதலாவது வீரம், இரண்டாவது வீண் அலைச்சல் என்று கணக்கெழுதுவீர்களா?

இன்னொன்று. 1941 நவம்பர் 10, கனடாவின் கல்கரிப் பக்கம். ஒரு பயிற்சி விமானம் விழுந்து எரிந்தது. கார்ல் கிராவல், பத்தொன்பது வயதுப் பயிற்சி வீரர், ஒரு கண் போய், உடுப்பில் நெருப்போடு வெளியே வந்தவர், விமானியை எடுக்கத் திரும்பவும் உள்ளே போகப் பார்த்தார். முடியவில்லை. விமானியும் இறந்தார், கிராவலும் இறந்தார். அவருக்கு ஜோர்ஜ் சிலுவை என்ற வீரப் பதக்கத்தைக் கொடுத்தார்கள். யாரையும் காப்பாற்றாதவருக்கு, கவனியுங்கள். அவரை நெருப்பிலிருந்து இழுத்து, நிலத்தில் உருட்டி அணைத்தவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை, பிரான்சஸ் வோல்ஷ். பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வந்தவர். அவருக்கும் ஒரு பதக்கம். அவர் இழுத்தெடுத்த ஆளும் பிழைக்கவில்லை.

ஓகஸ்ட் 7, புதன்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "ஆபத்து என்னவென்று தெரியாமல் ஓடுவது வீரம் இல்லை, அறியாமை" என்கிறார். இது கொஞ்சம் நல்ல கேள்வி.

பாதி உண்மை. உண்மையிலேயே ஒரு ஜெட் விழுந்திருந்தால் மாமாவின் கோடரி அவரையே கொன்றிருக்கக்கூடும். விமானியின் இருக்கைக்குக் கீழே அவரை வெளியே தூக்கி எறிவதற்கான வெடிமருந்து இருக்கும். மஞ்சளும் கறுப்பும் வரிபோட்ட கைப்பிடி ஒன்று. தெரியாமல் அதை இழுத்தால் இருக்கையோடு இழுத்தவரும் போவார். வெடிக்காத குண்டுகள், சூட்டில் தானாக வெடிக்கும் சன்னங்கள் வேறு. விமானத்தின் சில பாகங்கள் மக்னீசியம் கலந்த உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் மூர்க்கமாக எரியும். காற்று வருகிற பக்கத்திலிருந்துதான் கிட்டப் போக வேண்டும். எங்கள் ஆட்கள் வரப்பு எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கத்தால் போனார்கள்.

ஆனால் இரண்டாம் சுற்று அவர்களுக்குத் தெரியும். அதை விளக்க ஒரு நிபுணரும் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவருடைய வீட்டிலும் அதற்கு ஒரு சாட்சி இருந்தது.

தெரிந்தே போனவர்களும் உண்டு. 1944 ஜூன் 28, இங்கிலாந்தில் தோல்தோர்ப் தளம். இறங்க வந்த விமானம் ஒன்று, குண்டு ஏற்றி நின்ற இன்னொன்றில் மோதியது. ஆர்தர் ட்வைட் ரோஸ் என்ற கனடியத் தளபதி, குண்டுகள் வெடிக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர், போனார். ஆட்களை எடுத்தார்கள். குண்டு வெடித்து அவருடைய கை போனது. எயர் கொமடோர் பதவியில் இருந்தவருக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. நின்று கட்டளை போட்டிருக்கலாம்.

ஓகஸ்ட் 7, இரவு

'கிபிர்' என்பதைச் சரியாக எழுதுங்கள் என்று ஒருவர் திருத்துகிறார். நாங்கள் அந்தப் பெயரைப் புத்தகத்தில் படிக்கவில்லை, பங்கருக்குள் கேட்டோம். அதற்கு முந்திய காலத்தில் சகடை, பொம்மர். பிற்காலத்தில் வேவு விமானத்திற்கு வண்டு என்று பெயர். இரவு முழுக்க ஒரே சுருதியில் ரீங்காரம். கிபிர் வந்தால் படுக்க வேண்டும், வண்டு வந்தால் படுக்கவே முடியாது. பெயர் வைப்பதில் எங்களை யாரும் திருத்த வேண்டாம்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "உள்ளே உண்மையில் விமானி இருந்திருந்தால்? சற்று முன் குண்டு போட்டவன். உங்கள் மாமா கோடரியை எதற்குப் பாவித்திருப்பார்?"

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். 1949ஆம் ஆண்டின் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை, 18ஆம் உறுப்புரை: காயப்பட்டவர் எந்த நாட்டவராக இருந்தாலும் ஊர்ச்சனம் தாமாகவே முன்வந்து தூக்கிப் பராமரிக்கலாம்; அப்படிப் பராமரித்ததற்காக எவரையும் துன்புறுத்தவோ தண்டிக்கவோ கூடாது. அதே உறுப்புரை சனத்திற்கும் ஒரு கடமை வைக்கிறது: காயப்பட்டவர் மேல் கை வைக்கக்கூடாது. நல்ல சட்டம். விசுவமடு வரப்பில் அதை யாரும் வாசித்திருக்கவில்லை.

மாமா என்ன செய்திருப்பார் என்பதை என்னால் ஊகித்துச் சொல்ல முடியாது. ஆள் உயிரோடு இருக்கிறார், வயது எழுபத்து நான்கு, ஒரு காது கேட்காது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டு வருகிறேன்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு, இரவு 10.20

போய் வந்தேன். நான் எழுதியதில் பாதியை வெட்டிக் கொத்திவிட்டார்.

முதலில் கோடரி. விமானத்தை வெட்டி ஆளை எடுக்கவென்று யோசித்துக் கொண்டுபோனார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். "விறகு கொத்திக்கொண்டிருந்தேன். கிபிர்ச் சத்தம் கேட்டு அதோடு பங்கருக்குள் குதித்துவிட்டேன். வெளியே வரும்போதும் கையில் இருந்தது. வாய்க்கால் தாண்டிய பிறகுதான் கண்டேன்" என்றார்.

பயமில்லையா என்றேன். "பயந்தபடியால்தான் வேகமாக ஓடினேன்" என்றார். ஏன் ஓடினீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. திரும்பக் கேட்டேன், கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அது அவருடைய பழைய தந்திரம்.

பிறகு விமானியின் கேள்வி. "இருந்திருந்தால் இழுத்து வெளியே போட்டிருப்பேன்." பிறகு? "பிறகு பிடித்துக்கொண்டு போகிறவர்கள் வந்திருப்பார்கள். என் வேலை அதோடு முடிந்தது." குசினிக்குள் இருந்து மாமி: "பொய். கன்னத்தைப் பொத்தி ஓர் அறை போட்டிருப்பார்." மாமா சற்று யோசித்தார். "போட்டிருப்பேன்தான். அறைவதற்கும் ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே."

இனி, நான் தலைகுனிய வேண்டிய இடம். கான்காரர்.

எண்ணெய் பிடிக்கத்தான் கானோடு ஓடினார் என்று ஒரு கிழமைக்கு முன் கைகொட்டிச் சிரித்தேன். இல்லை. கான் வெறுமையாக இருந்தது. வாய்க்காலைத் தாண்டும்போது அதை முக்கித் தண்ணீர் அள்ளியிருக்கிறார், ஆள் எரிந்துகொண்டிருந்தால் ஊற்றுவதற்கு. நாங்கள் எல்லோரும் சேற்றில் முகம் புதைத்துக் கிடந்தபோது அவர் நிற்கவில்லை. தாங்கியிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். அது விமானத்தின் உடம்பு என்றே நம்பியிருக்கிறார். முழங்கால் வரைக்கும் எண்ணெய்ச் சேறு. அதற்குள் நின்றுகொண்டு அந்தத் தகரத்தைக் கையால் தட்டி, "தம்பி! தம்பி, உள்ளே இருக்கிறாயா?" என்று கூப்பிட்டிருக்கிறார்.

மாமா இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே கிபிர் சுற்றுகிறது. இவர் கீழே நின்று அதே கிபிரின் ஆளைத் தம்பி என்று கூப்பிடுகிறார். தமிழில்.

உள்ளே ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு எண்ணெயை நிரப்பினார். அதுவும் நடந்தது, மறைக்கவில்லை. வளவு வளவாகப் போய்ப் பகிர்ந்தாராம். எங்கள் வீட்டிற்கும் ஒரு போத்தல் வந்ததாம்.

அவர் இப்போது இல்லை. 2009.

ஓகஸ்ட் 12, திங்கள்

திருத்தம். ஆண்டு 1997 இல்லை, 1998. கனடாவிலிருந்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு ஏசினார். அந்தப் போத்தல் எண்ணெயை எரித்துத்தான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தாராம்; பரீட்சை 1998 டிசெம்பரில். விளக்கில் சுவாலை நன்றாக நின்றதாம், புகை மட்டும் மூக்கை அரித்ததாம். விஞ்ஞானத்திற்கு நல்ல பெறுபேறு வந்ததற்கு விமானப்படைக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்க வேண்டும் என்கிறார்.

அப்படியானால் எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வாய்க்காலுக்குள் அழுததற்காக ஒரு வயதைக் குறைத்து வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. அழுததை இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஓகஸ்ட் 14, புதன்

2006இல் இதே நாளில் செஞ்சோலைப் பிள்ளைகள் மேல் விமானக் குண்டு விழுந்த வள்ளிபுனத்திற்குப் போய் வந்தேன். இன்று வேறொன்றும் எழுதவில்லை.

ஓகஸ்ட் 16, வெள்ளி

வேறொரு வாசகர், கடற்பக்கத்தைப் பற்றியும் எழுதுங்கள் என்கிறார். படை விமானங்கள் பல கடலோரத்தில் விழுந்தன. 1995 ஏப்ரல் 28, 29 என்று அடுத்தடுத்த இரண்டு நாள்களில் யாழ்ப்பாணத்துப் பலாலித் தளத்திற்கு அருகே இரண்டு அவ்ரோ விமானங்கள். விமானத்தை விழுத்தும் ஏவுகணை புலிகளிடம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியவந்தது அப்போதுதான்.

எனக்கு ஆறாதது படை விமானம் இல்லை. 1998 செப்டெம்பர் 29, லயன் எயர் நிறுவனத்தின் அன்ரனோவ் 24. பலாலியிலிருந்து கொழும்புப் பக்கத்து இரத்மலானைக்குப் புறப்பட்டது; பயணிகளும் பணியாளருமாக 55 பேர். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சனம். தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால் வானத்தால் போனவர்கள். புறப்பட்டுச் சிறிது நேரத்தில் தொடர்பு அறுந்தது. புலிகளின் ஏவுகணையே காரணம் என்பது பிற்கால விசாரணைகளின் முடிவு. சிதைவு இரணைதீவுக் கடலுக்கடியில் இருந்தது. கடற்படைச் சுழியோடிகள் அதைக் கண்டது 2012இல். பதினான்கு வருடம்! எடுத்த உடுப்புகளை 2014இல் யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைத்து, உறவினர்களை வந்து அடையாளம் பார்க்கச் சொன்னார்கள்.

அங்கே ஓடிப்போக யார் இருந்தார்கள்? இரணைதீவுச் சனம் 1992இலேயே இடம்பெயர்ந்து முழங்காவில் பக்கம் வந்துவிட்டது. திரும்பித் தீவில் கால் வைத்தது 2018இல். அந்த நீரோட்டத்தை நன்கு தெரிந்த மனிதர்கள் கரையில் இருந்தார்கள், அவர்களுடைய கடல் அவர்களிடம் இல்லை. எங்கள் வயலில் விழுந்த வெறும் தகரத்தை நோக்கி ஆறு பேர் ஓடினார்கள். 55 பேர் விழுந்த இடத்திற்கு ஒரு வள்ளம் போக வழியில்லை. மாமாவின் கதை இதற்கும் அப்பால் போகக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். விடுகிறதாக இல்லை.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

கோடரி என்றதும் நினைவில் வந்தவர் அன்ட்ரூ மைனார்ஸ்கி. 1944 ஜூன் 12க்கும் 13க்கும் இடைப்பட்ட இரவு, பிரான்சின் கம்ப்ரே வானத்தில் கனடியர்களின் லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானம் தீப்பிடித்தது. குதிக்கச் சொல்லிக் கட்டளை. பின்கோபுரச் சுடுநர் பற் புரோபி தன் கூண்டுக்குள் இறுகிவிட்டார். மைனார்ஸ்கி நெருப்புக்குள்ளால் தவழ்ந்து போய்க் கோடரியால் கொத்தினார், பிறகு கையால் பிய்த்தார். திறக்கவில்லை. போ என்று புரோபி கையசைத்தார். எரிகிற உடுப்போடு நிமிர்ந்து நின்று அவருக்கு ஒரு சலூட் அடித்துவிட்டுக் குதித்தார். தீக்காயத்தால் இறந்தார். புரோபியோ, விமானம் தரையில் மோதியபோது கூண்டிலிருந்து தூக்கி எறியப்பட்டு உயிரோடு எழும்பினார்! மைனார்ஸ்கி செய்ததைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னபடியால் 1946இல் விக்டோரியாச் சிலுவை. கோடரி ஒன்றையும் திறக்கவில்லை என்பதைக் கேள்வி கேட்டவருக்கு நினைவூட்டுகிறேன்.

இதையும் பியர்சன் கதையையும் இன்று மாமா வீட்டில் வாசித்துக் காட்டினேன். மாமா நித்திரை கொள்வதுபோல் சாய்மனையில் கிடந்தார். பியர்சன் விமானியை மூடிப் படுத்த இடம் வந்ததும் மாமி உளுந்து சுளகைக் கீழே வைத்தார்.

"இவரும் அப்படித்தானே கிடந்தார்" என்றார்.

எப்படி?

"கிபிர் திரும்பி வந்தபோது உன் மேல். நான் பங்கர் வாசலில் நின்று பார்த்தேன். உன் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. பிள்ளை மூச்சு முட்டிச் சாகப் போகிறது என்று கத்தினேன்."

பிடரியில் பிடித்து அமுக்கினார் என்று இந்தப் பக்கத்தின் முதல் குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன். மேலே இருந்த பாரம் கை என்றே நினைத்திருந்தேன். இருபத்தாறு வருடம்.

மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வரப்பு வழுக்கியது. கால் இடறி அவன் மேல் விழுந்தேன்."

"கிபிர் போகும்வரைக்குமா வழுக்கியது?" என்றார் மாமி. அவர் கேட்காத காதைத் திருப்பிக்கொண்டார்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

சிலர் மேலே உள்ளதைப் படித்து உருகி எழுதியிருக்கிறார்கள். நன்றி, போதும். மாமாவிடம் காட்டினால் என்னை வீட்டிற்குள் எடுக்க மாட்டார்.

திருகோணமலைக்காரர் ஒருவர் சீனன்குடா எண்ணெய்த் தாங்கியை நினைவூட்டுகிறார். 1942 ஏப்ரல் 9, ஜப்பானியத் தாக்குதல், 91ஆம் இலக்கத் தாங்கியில் ஒரு விமானம் விழுந்தது. ஏழு நாள் எரிந்தது என்பார்கள். விமானி வேண்டுமென்றே பாய்ந்தார் என்பது ஊர்க்கதை. எங்கள் அப்புவும் அந்தக் காலத்தவர்தான். வவுனியாவில் வெள்ளைக்காரர் விமானத்தளம் போட்டபோது கல் சுமந்தவர். போபோர்ட் என்ற இரட்டை இயந்திரக் குண்டுவீச்சு விமானங்கள் அங்கே நின்றன. ஒருநாள் ஒன்று ஓடுபாதையை விட்டு வழுக்கிப் புதருக்குள் போனதாம். கூலிக்காரர் எல்லோரும் கடகத்தைப் போட்டுவிட்டு அதை நோக்கி ஓடினார்களாம். உள்ளே இருந்த வெள்ளைக்காரர் தாமாகவே இறங்கி, கிட்ட வராதே என்று கத்தி விரட்டினார்களாம். அன்றைய அரைநாட் சம்பளத்தை வேலை விட்டுப் போனதற்காக வெட்டிவிட்டார்கள் என்று அப்பு சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஓடுகிற புத்தி எங்கள் வீட்டில் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறது. சம்பளம் வெட்டுப்படுகிற ராசியும்.

ஓகஸ்ட் 22, வியாழன்

தாங்கியின் படம் கேட்கிறார்கள். இல்லை. இரண்டாக அரிந்து ஒரு பாதியை மாமா மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருந்தார். 2009 ஜனவரியில் விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது தொட்டியும் இல்லை, மாடும் இல்லை. பழைய இரும்பு எடுக்கிறவர்களின் லொறியில் போயிருக்கும். அலுமினியத்திற்கு நல்ல விலை அப்போது.

கேள்வி கேட்டவர் நேற்று ஒரு வரி எழுதியிருக்கிறார்: "கான்காரரின் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?" ஒரு மகள் இருக்கிறார், தருமபுரத்தில். தகப்பன் தகரத்தைத் தட்டித் தம்பி என்று கூப்பிட்டது அவருக்குத் தெரியுமா என்று மாமாவிடம் கேட்டேன். தெரியாதாம். சனிக்கிழமை மாமாவை ஏற்றிக்கொண்டு போகிறேன்.

ஓகஸ்ட் 22, இரவு

இன்னொரு திருத்தம். கான் நீலம் இல்லையாம், மஞ்சள். மாமி இப்போதுதான் தொலைபேசியில் சொன்னார். மாமா நீலம் என்கிறார். சண்டை நடக்கிறது.